மலை வீட்டு ஹாலுக்கு எந்த ஹீட்டர்? விறகு அடுப்பு, ஆயில் ஹீட்டர், பேனல், ஏசி: ஓர் அலசல்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் இப்போது தவறாமல் கேட்கும் கேள்வி, ஹாலில் என்ன ஹீட்டர் வைப்பது என்பதுதான். முன்பெல்லாம் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பங்களாவில் ஃபயர்பிளேஸ் இருக்கும். மற்ற வீடுகளில் சமையலறை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வார்கள். இன்றைக்கோ கண்ணாடிக் கதவு போட்ட விறகு அடுப்பு, சக்கரத்தில் உருளும் ஆயில் ஹீட்டர், சுவரில் படமாட்டம் தொங்கும் இன்ஃப்ராரெட் பேனல், சூடும் தரும் ஏசி, புகைபோக்கியே வேண்டாத எத்தனால் அடுப்பு என்று வரிசையாக வந்து நிற்கின்றன. எல்லாமே பார்க்க அழகு.

ஆனால் நம் ஊர்க் குளிர் ஈரக் குளிர். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். பீரோவுக்குள் பூஞ்சணம், காயாத துணி, செருப்பில் பச்சை படிவது எல்லாம் இந்தக் காலத்து வேலை. அப்புறம் மழைக்காற்றில் கம்பி மேல் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எந்த ஹீட்டரைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்கிறேன். அறையின் ஈரத்தை இது என்ன செய்யும்? கரண்ட் போனால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விகளை வைத்தாலே எத்தனால் அடுப்பு முதல் சுற்றில் வெளியே போய்விடும். டீப்பாய் மேல் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நேர்த்தியான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் சுமார் 900 கிராம் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேரும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் அதே கதைதான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிவதும், சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படிய வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். இவை அறைக் காற்றையே எரிப்பதால் ஜன்னலைத் திறந்தும் வைக்க வேண்டும். திறந்தால் குளிர் உள்ளே வரும். கரிச்சட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறையில் கரி நெருப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் உயிரிழந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

எல்இடி வெளிச்சத்தில் தீ எரிவதாகக் காட்டும் மின்சார ஃபயர்பிளேஸைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சாதாரண ஃபேன் ஹீட்டர். வெளிச்சத்துக்குத்தான் கூடுதல் விலை.

பழைய திறந்த ஃபயர்பிளேஸ் மேல் எனக்குப் பாசம் உண்டு. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் வீடு கட்டியதில் தொடங்கி, இங்கே எழும்பிய பங்களாக்களுக்கு முகமே அதுதான். ஆனால் சூடு தருவதில் அது மோசம். எரியும் தீ அறையின் சூடான காற்றையே இழுத்துப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலிருந்து குளிர்காற்று வருகிறது. முகம் சுடும், முதுகு நடுங்கும். விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அறைக்குக் கிடைத்தாலே பெரிது. 1790களிலேயே ரம்ஃபோர்டு என்பவர் அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை போகும் தொண்டையை ஒடுக்கி, சூடு அறைப் பக்கம் திரும்பும்படி செய்தார். பழைய வீட்டு ஃபயர்பிளேஸை இடித்துக் கட்ட மனமில்லாதவர்கள் கொத்தனாரிடம் இந்த மூன்றையும் சொல்லிச் செய்யலாம். நல்ல பலன் தெரியும்.

கண்ணாடிக் கதவு அடுப்பு இதிலிருந்து ஒரே தாவாக மேலே போகிறது. கோத்தகிரிப் பக்கம் அரவேனுவில் உறவினர் வீட்டில் ஒன்று இருக்கிறது. குட்டைக் கால்களில் நிற்கும் கறுப்பு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் மணிக்கணக்கில் எரிந்தும் கண்ணாடி பெரிதாகக் கறுப்பதில்லை. கதவின் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய பிளவு இருக்கிறது. சூடேறிய காற்று அதன் வழியே கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்குவதால் புகைக்கரி ஒட்ட வழியில்லை. பின்சுவரில் வரிசையாகச் சிறு துளைகள். அவற்றின் வழியே வரும் சூடான காற்று, புகையை இன்னொரு தடவை எரிக்கிறது. உற்றுப் பார்த்தால் விறகைத் தொடாமல், அந்தத் துளைகளுக்கு முன்னால் தனியாகத் தீ ஆடுவது தெரியும். வீணாகப் போகும் புகைதான் அங்கே எரிபொருள். நல்ல அடுப்பில் விறகுச் சூட்டின் 70 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே தங்குவது இதனால்தான். மேலே ஒரு சின்ன விசிறி, வயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. அதன் அடிப்பக்கம் சூடாகவும் மேல்பக்கம் குளிர்ந்தும் இருக்கும் வித்தியாசத்திலேயே மின்சாரம் பிறந்து அது சுற்றுகிறது. "கரண்ட் போனாலும் இது நிக்காது, அதுல கெட்டிலையும் வெச்சுக்கலாம்" என்றார் பெரியம்மா. எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை.

இதற்குச் செலவு அதிகம். அடுப்பை விட்டாலும் கூரை தாண்டிப் போகும் இரட்டைச் சுவர்க் குழாய்க்கே நல்ல தொகை ஆகும். விறகும் காய்ந்ததாக இருக்க வேண்டும். சீகை, யூகலிப்டஸ், கவாத்து வெட்டிய தேயிலை விறகு என எதுவானாலும் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் திறப்பும் உள்ள கொட்டகையில் மாதக்கணக்கில் அடுக்கி வைத்த பிறகே எரிக்கலாம். பச்சை விறகு எரித்தால் குழாய்க்குள் தார் படிந்து, அதுவே ஒருநாள் தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை குழாயைச் சுத்தம் செய்யச் சோம்பல்படுகிறவர்கள் இதை வாங்கக் கூடாது.

விறகு வேண்டாம் என்பவர்களுக்கு மின்சாரத்தில் மூன்று வழி. ஆயில் ஹீட்டரில் ஆயில் எரிவதில்லை, ஊற்றவும் வேண்டாம். உள்ளே அடைத்த எண்ணெய் சூடாகி மெதுவாகச் சூட்டை விடுகிறது. சத்தம் இல்லை, முகத்தில் காற்று அடிக்காது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். வயதானவர்கள், குழந்தைகள் படுக்கும் அறைக்கு இதுதான் என் தேர்வு. குறை கரண்ட் பில்லில் வரும். 2,000 வாட் ஹீட்டர் தினமும் 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480. தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் இலவச யூனிட்டும் கரைந்து, வீட்டின் மற்ற செலவும் சேர்ந்து 500ஐத் தாண்டி மேல் கட்டணத்துக்குள் போய்விடும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக் கதவை மூடுகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகும். ஹாலில் நாள் முழுக்க ஓடவிட்டால் ஆகாது.

ஏசியின் கணக்கு வேறு. அது சூட்டை உற்பத்தி செய்வதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இழுத்து வருகிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு. அந்த 480 யூனிட் வேலை சுமார் 160இல் முடியும். கடையில் 'ஹாட் அண்ட் கோல்டு' என்று கேட்டு வாங்க வேண்டும், சாதாரண ஏசியில் இது வராது. மழைக்காலத்தில் டிரை மோடில் போட்டால் அறை ஈரத்தையும் ஓரளவு உறிஞ்சும், ஆனால் அப்போது அறை குளிரும்; அதிகக் குளிரில் சரியாக வேலை செய்யாது.  ஆனால் உறைபனி விழும் விடியற்காலையில் வெளியே உள்ள பெட்டியில் பனி கட்டும். அதைக் கரைக்க அவ்வப்போது சில நிமிஷம் சூடு நின்றுபோகும். ஊட்டியில் இது அடிக்கடி நடக்கும், கோத்தகிரியில் குறைவு. சுவர் உச்சியில் மாட்டினால் சூடான காற்று மேலேயே தங்கிக் கால் சில்லென்றே கிடக்கும். தரையை ஒட்டி வைக்கும் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள்.

இன்ஃப்ராரெட் பேனல் காற்றைச் சூடாக்குவதில்லை. எதிரே இருக்கும் ஆளையும் சுவரையும் நேராகத் தொடுகிறது. தகரக் கூரை, உயரமான மச்சு, இடுக்கு நிறைந்த ஜன்னல் என்று காற்றைப் பிடித்து வைக்க முடியாத வீட்டில் எழுதும் மேஜைக்கு எதிரே 600 வாட் பேனல் ஒன்று போதும். எழுந்து நகர்ந்தால் குளிரும். முழு ஹாலுக்கும் இதை நம்ப வேண்டாம்.

புகைபோக்கிக்கு இடம் இருக்கிற வீடாக இருந்தால் நான் ஹாலில் கண்ணாடிக் கதவு அடுப்பும் படுக்கையறையில் ஆயில் ஹீட்டரும் வைப்பேன். இடுக்கில்லாத ஜன்னல், மச்சுக்கு மேல் சூடு வெளியேறாமல் தடுக்கும் காப்பு என்று முழுசாகத் திட்டமிட்டுக் கட்டும் புது வீடாக இருந்தால் ஏசியை முதலில் வைத்து, கரண்ட் போகும் நாளுக்கு ஒரு சின்ன விறகு அடுப்பை யோசிப்பேன். எதை வாங்கினாலும் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். 2,000 வாட் ஹீட்டருக்கு எர்த்துடன் 16 ஆம்ப் பிளக் பாயின்ட் வேண்டும், அதுவும் தனி லைனில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகவே கூடாது. ஈரத் துணியையும் ஹீட்டர் மேல் போடக் கூடாது. ஒரு மீட்டர் தள்ளிக் கொடிக்கம்பி கட்டினாலே துணி காய்ந்துவிடும்.