பாட்டி 9ஆம் மாடியில், பேரன் 14ஆம் மாடியில்

கேட்டது இரண்டு அறை, நடுவில் ஒரு கதவு. முன்பதிவு இணையத்தளத்தில் 'கனெக்டிங் ரூம் வேண்டும்' என்று தெளிவாக எழுதி, பணத்தையும் முழுசாகக் கட்டியாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து மலேசியாவுக்கு விடுமுறையில் வந்து, தாத்தா பாட்டியோடு கோலாலம்பூரிலிருந்து போன ஒரு கேளிக்கைப் பூங்கா விடுதியின் முகப்பில் மாலை 3 மணிக்கு நின்றபோது கைக்கு வந்தது 9ஆம் மாடிக்கு ஒரு சாவி அட்டை, 14ஆம் மாடிக்கு ஒன்று. விடுதியின் பெயர் வேண்டாம். பள்ளி விடுமுறையில் எங்கேயும் நடக்கக்கூடியது இது.

ஐந்து மாடிதானே என்று தோன்றும். பல விடுதிகளில் அட்டையைத் தொட்டால்தான் லிஃப்ட் நகரும், அதுவும் அவரவர் மாடிக்கு மட்டும். பாட்டியின் அட்டை 9க்குப் போகும், 14க்குப் போகாது. பேரனுக்கு ராத்திரி ஒரு வாய் ஊட்ட வேண்டுமென்றால் அவர் கீழே முகப்புக்கு இறங்கி நிற்க வேண்டும், மேலேயிருந்து யாராவது வந்து கூட்டிப் போக வேண்டும். முட்டிவலிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! இப்படி மாட்டிக்கொண்டால் முதல் வேலை, இரண்டு அறைக்கும் கூடுதலாக ஓர் அட்டை கேட்டு வாங்கி மாற்றி வைத்துக்கொள்வது. ஒரே குடும்பம் என்று சொல்லி, இரண்டு அறையிலும் இரண்டு பேர் பெயரையும் பதிந்துவிட்டால் தருவார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? இணையத்தளத்தில் நாம் எழுதுவது 'சிறப்புக் கோரிக்கை' என்ற ஒரு குறிப்பாகத்தான் விடுதிக்குப் போகிறது. அது எந்த அறையையும் பிடித்து வைக்காது. யாருக்கு எந்த அறை எண் என்பது பெரும்பாலும் முதல் நாளோ அன்றைக்குக் காலையிலோதான் முடிவாகும். நடுக்கதவு உள்ள சோடிகள் எண்ணிக்கையில் குறைவு. சோடியில் ஓர் அறைக்காரர் இன்னொரு நாள் தங்க முடிவு செய்தாலே சோடி உடைந்துவிடும். பலருக்குத் தெரியாத காரணம் இன்னொன்று: நிறைய இடங்களில் ஒரு பக்கம் 'கிங்' (ஒரே பெரிய கட்டில்), மறு பக்கம் 'ட்வின்' (இரண்டு தனிக் கட்டில்) என்றுதான் சோடி அமைத்திருப்பார்கள். வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு கிங் அறை எடுத்தவருக்குக் கொடுக்க அந்த விடுதியில் சோடியே இருக்காது.

அதனால் விடுதிக்கே நேராக எழுதுங்கள். நடுக்கதவுச் சோடி எந்தெந்த அறை வகையில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வகைகளிலேயே ஒவ்வோர் அறை எடுங்கள். இரண்டும் ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். 'உறுதி' என்ற சொல் மின்னஞ்சலில் வர வேண்டும். 'இருப்பைப் பொறுத்து' என்று வந்தால் அது உறுதியில்லை. 'அட்ஜாயினிங்' என்று பதில் வந்தாலும் விடாதீர்கள், வெறும் பக்கத்து அறையைக்கூட அப்படிச் சொல்வார்கள். மூன்று நாள் முன்பு ஒரு தடவை, போகிற அன்று காலை 10 மணிக்கு ஒரு தடவை தொலைபேசியில் நினைவுபடுத்துங்கள்.

இங்கிலாந்தில் 'ஃபேமிலி ரூம்' என்றால் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை. சோபாவை விரித்தால் கட்டில், அதுவும் பெரும்பாலும் விலைக்குள்ளேயே. அந்த நினைப்போடு மலேசியாவுக்கு, நம் ஊருக்கு, வந்தால் தடுமாற்றம்தான். இங்கே விலை பெரும்பாலும் இரண்டு பெரியவருக்கு, காலைச் சாப்பாடும் இரண்டு பேருக்கு. மூன்றாமவருக்குக் கட்டில் தனி, சாப்பாடு தனி. முன்பு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போன காலத்தில் யார் இதையெல்லாம் எண்ணினார்கள்? பாய், தலையணை, ரைஸ் குக்கர், சம்பல் டப்பா எல்லாம் வண்டியிலேயே வரும், ஒரே கூடத்தில் பன்னிரண்டு பேர் படுப்பார்கள். அந்த நெருக்கத்தைத் தேடித்தான் ஊருக்கே வருகிறோம், ஆளுக்கொரு மாடியில் டிவி பார்க்க இல்லை.

கோலாலம்பூருக்குப் பக்கத்து சன்வே லகூன் பூங்கா என்றால் முதலில் இடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். 1993இல் திறந்த அந்தப் பூங்கா பழைய ஈயச் சுரங்கக் குழியில் இருக்கிறது. பேரங்காடியும் விடுதிகளும் மேலே, தண்ணீர் விளையாட்டு கீழே. சாயங்காலம் ஈரத் துணியும் தூங்கிப்போன பிள்ளையுமாக மேலே ஏறி வர வேண்டும். பூங்காவை ஒட்டியே சன்வே ரிசார்ட், சன்வே பிரமிட், சன்வே லகூன் என்று மூன்று விடுதிகள் உண்டு. கடைசியது முன்பு கிளியோ என்ற பெயரில் இருந்தது. தாத்தா பாட்டி பூங்காவுக்குள் வரப்போவதில்லை என்றால் பேரங்காடிக்கு நடந்து போகிற தூரம்தான் முக்கியம். அவர்களுக்குக் குளிர்சாதனமும் ஒரு கப் தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) போதும். சுற்று வட்டாரத்து அடுக்குமாடி வீடு இன்னொரு வழி. மூன்று படுக்கையறை, ஒரே கூடம், துணி துவைக்கும் எந்திரம். நடுக்கதவுத் தலைவலியே கிடையாது. ஆனால் சாவியைப் பூட்டுப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கலாம், கார் நிறுத்தும் அட்டைக்கு முன்பணம் கேட்கலாம், இரண்டையும் முன்பே விசாரியுங்கள். 2015இல் வந்த பிஆர்டி மேம்பாலப் பேருந்து செத்தியா ஜெயா கேடிஎம் ரயில் நிலையத்தையும் யூஎஸ்ஜே 7 எல்ஆர்டி ரயில் நிலையத்தையும் இணைக்கிறது, சன்வே லகூனுக்கும் அதில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. பருத்திச் சட்டை, ஜீன்ஸ் போட்டுத் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நீச்சல் துணியை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள்.

கெந்திங் மலை வேறு கணக்கு. ஃபர்ஸ்ட் வேர்ல்ட் விடுதியில் மட்டும் 7,351 அறைகள். அவ்வளவு அறையுள்ள இடத்தில் குறிப்பிட்ட சோடியைக் கேட்டு நிற்பதைவிட மூன்று பேர் படுக்கும் அறைகளாகப் பார்த்து எடுப்பது நல்லது. குளிரான இடம் என்பதால் அங்கே பல அறைகளில் ஏர்கான் கிடையாது, அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடி மின்னல் என்றால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். தாத்தாவின் மருந்து கைப்பையில் இருக்கட்டும், கீழே நிற்கிற காரில் வேண்டாம். பினாங்கு எஸ்கேப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பத்து ஃபிரிங்கி கடற்கரைப் பகுதியில் தங்கிக்கொண்டு, பூங்கா இருக்கிற தெலுக் பஹாங்குக்கு வண்டியில் போய் வரலாம், தூரம் கொஞ்சம்தான்.

வெளிநாட்டுக் கடப்பிதழ்க்காரர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி உண்டு. மலேசியருக்கும் நிரந்தரவாசிக்கும் இல்லை. இணையத்தில் கட்டிய தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முகப்பில் கேட்பார்கள். தாத்தா பாட்டி அறையை அவர்கள் ஐசியில் (மலேசிய அடையாள அட்டையில்) பதியுங்கள். சன்வே லகூன் நுழைவுச் சீட்டுக்கும் மைகார்டு (அதே அடையாள அட்டை) விலை வேறு, வெளிநாட்டார் விலை வேறு. குடியுரிமை மாற்றிக்கொண்டவருக்கு இது மனதில் தைக்கும், ஆனால் நடைமுறை அதுதான்.

சரி, முதல் ராத்திரி சோடி கிடைக்கவில்லை என்றால் பெட்டியை முழுசாகப் பிரிக்காதீர்கள். அறைகள் காலியாவது காலை 11க்கும் மதியம் 12க்கும் நடுவில். மறுநாள் காலியாகும் சோடியை நம் பெயருக்கு ஒதுக்கச் சொல்லி அன்றிரவே முகப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நமக்கும் அப்படித்தான் கிடைத்தது, அறைகளைச் சுத்தம் செய்யும் ஒரு தமிழ் அக்கா சொல்லிக்கொடுத்த வழி அது.

அறை கிடைத்ததும் கதவைப் பாருங்கள். அது ஒரு கதவு இல்லை, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கதவுகள். ஒவ்வொன்றும் தன் அறைப் பக்கத்திலிருந்து மட்டும் திறக்கும், மறு பக்கம் கைப்பிடியே இருக்காது, வழவழவென்ற பலகைதான். அதனால் இரண்டு பக்கமும் ஆள் நின்று திறக்க வேண்டும். சிலவற்றில் மேலே இன்னொரு பூட்டு இருக்கும், அதன் சாவி விடுதி ஊழியரிடம்தான். பெட்டி தூக்கி வந்தவர் போவதற்குள் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்த பிறகு இரண்டு கதவுக்கும் அடியில் மடித்த துண்டைச் செருகி வையுங்கள். ஏர்கான் காற்றில் ஒன்று அறைந்து மூடிக்கொண்டால், பாட்டி மறுபடியும் வராந்தா வழியாகத்தான் சுற்றி வர வேண்டும்.