நனவைப் பற்றிய இரு கோட்பாடுகள்: ஒலிபரப்பா, ஒருங்கிணைப்பா?

உளவியலாளர் பெர்னார்ட் பார்ஸ் 1988இல் முன்வைத்த பொது அரங்கக் கோட்பாட்டின்படி, மூளையின் ஒரு மூலையில் கிடக்கும் செய்தி மற்றப் பகுதிகளுக்கெல்லாம் ஒலிபரப்பாகும்போதுதான் நனவுக்கு, அதாவது நாம் உணர்ந்து அனுபவிக்கும் நிலைக்கு, வருகிறது. நரம்பியல் அறிஞர் ஜூலியோ டோனோனி 2004இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடோ ஒலிபரப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஓர் அமைப்பின் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிரிக்க முடியாதபடி பாதிக்கின்றன என்பதே அதற்கு அனுபவத்தின் அளவு.

சிறுமூளையை எடுத்துக்கொள்வோம். மூளையின் நரம்பணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் இருக்கின்றன. ஆனாலும் அது பழுதுபட்டவருக்கு நடை தள்ளாடுமே தவிர, நனவு போவதில்லை. அங்குள்ள சுற்றுகள் பெரும்பாலும் தனித்தனியே இயங்குவதே காரணம் என்று டோனோனி தரப்பு தரும் விளக்கம் எனக்கு நிறைவளிக்கிறது. ஆனால் அதே கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால், எதையும் சிந்திக்காத எளிய மின்சுற்று வலைக்கும் அனுபவம் உண்டென்று ஒப்புக்கொள்ள நேரிடும் (அவர்கள் அதற்குத் தயங்குவதுமில்லை). பார்ஸின் கோட்பாட்டைச் சோதிப்பது எளிது. சிவப்பு ஏன் சிவப்பாகத் தோன்றுகிறது என்பதை மட்டும் அது தொடுவதில்லை.

இரு தரப்பும் சேர்ந்து வகுத்து, 256 பேருக்குப் படங்களைக் காட்டி நடத்திய சோதனையின் முடிவு 2025இல் நேச்சர் இதழில் வெளியானது. மூளையின் பின்பகுதியில் டோனோனி தரப்பு எதிர்பார்த்த, நரம்பணுக்களிடையேயான நீடித்த ஒத்திசைவு காணப்படவில்லை. ஒலிபரப்புத் தரப்பு எதிர்பார்த்தபடி படம் மறையும் கணத்தில் முன்பகுதியில் எழவேண்டிய திடீர்ச் செயல்பாடும் பெரும்பாலும் எழவில்லை.