நூல் கிண்ணம்: மண்ணா, மரமா?
குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போடும்போது நூல்கண்டு கட்டிலுக்கடியில் ஓடி, தூசியோடு திரும்பும். அது ஓடாமல் உள்ளே போட்டு வைக்கத்தான் இந்தக் கிண்ணம்.

சக்கரத்தில் வனைந்த மண்கிண்ணம் நல்ல கனம். நூலை வெடுக்கென்று இழுத்தாலும் நகராது. மண் பாதி காய்ந்து கத்திக்கு இணங்கும் பதத்திலேயே விளிம்பிலிருந்து சுருளாக ஒரு வெட்டு போடுவார்கள். நூல் ஓடும் வழி அது. கல்மண் (ஸ்டோன்வேர்) பாண்டமென்றால் 1200 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுவார்கள். கிளேஸ் என்ற மேற்பூச்சு கண்ணாடிபோல உருகிப் படியும். வாங்கும்முன் வெட்டுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வேண்டாம், மொஹேர் என்ற ஆட்டுமுடி நூல் சிக்கிப் பிய்ந்துவிடும்.

மரக்கிண்ணம் லேசு. கண்டு தீரும் தறுவாயில் கூடவே நகர்ந்து வரும். ஆனால் விழுந்தாலும் எளிதில் உடையாது, ரயிலுக்கும் எடுத்துப் போகலாம்.

என் மண்கிண்ணம் அந்த வெட்டு முனையில்தான் உடைந்தது, பூனை உபயம். அப்புறமும் மண்ணே வாங்கினேன்.