கடல் மீனா, வளர்ப்பு மீனா? முதலில் தீவன மூட்டையைப் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் மன்னார்குடிச் சந்தையில் கட்லாவும் ரோகுவும்தான் முன்னால் கிடக்கும், நாட்டுப்படகில் வரும் கொஞ்சநஞ்சம் கடல் மீனின் விலையைக் கேட்டுவிட்டு நானும் கட்லா பக்கம் நகர்ந்துவிடுவேன். அப்போதெல்லாம் பக்கத்தில் யாராவது சொல்வார்கள், "பேசாம எல்லாரும் வளர்ப்பு மீனுக்கே மாறிடலாம், கடலாவது பிழைக்கும்." உலகம் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, மீனும் இறாலும் சேர்த்து, வளர்த்து எடுத்த அளவு வலைபோட்டுப் பிடித்த அளவை முதல்முறையாக 2022இல் தாண்டியது, மொத்தத்தில் 51 சதவீதம்.

சரி, ஆனால் எந்த வளர்ப்பு? நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: அந்த மீன் எதைத் தின்று வளர்கிறது?

கடல் மீனுக்கு யாரும் தீவனம் போடுவதில்லை. அதுதான் அதன் பெரிய பலம். டீசல் செலவும், அடித்தரையை வாரிக்கொண்டு வரும் இழுவலையும், அதில் சிக்கும் விரல்நீளக் குஞ்சுகளும் இன்னொரு பக்கம்.

இறால் பண்ணை இதற்கு மாற்று என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். தொண்ணூறுகளில் நாகை கடலோரத்தில் நஞ்சையும் கிணறும் உப்பாகிப் போனதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அப்புறம் 2005இல் தனிச் சட்டம், உரிமம், 2009இல் வன்னாமி என்ற வெளிநாட்டு இறால் வகை என்று தொழில் திரும்பவும் எழுந்தது. நோய் பயம் ஒருபுறம் இருக்கட்டும், அதன் தீவனத்தில் மீன்தூள் இருக்கிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும், அது கடலிலிருந்துதான் வருகிறது. சோயா கலப்பது கூடியிருக்கிறது, ஆனாலும் கடலை விட்டபாடில்லை. இத்தனைக்கும் அந்த இறால் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு, நம் சட்டிக்கு இல்லை.

பயோஃபிளாக் தொட்டி பார்க்க அழகு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை, வெல்லப்பாகு போட்டு வளர்த்த நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், அந்தத் திரளையே திலேப்பியா மறுபடி தின்னும். தண்ணீர் மிச்சம், தீவனமும் ஓரளவு மிச்சம். ஆனால் தண்ணீருக்குள் காற்றடிக்கும் மோட்டார் இரவுபகலாக ஓட வேண்டும். என் மச்சான் பத்தாயிரம் லிட்டர் தார்ப்பாய்த் தொட்டி போட்டார், விற்றவர் ஜெனரேட்டர் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு மழை இரவில் கரண்ட் போனது, இன்வெர்ட்டரும் கைவிட்டது, விடிந்து பார்த்தால் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அந்தத் தொட்டியில்தான் இப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்.

என் ஓட்டு ஊர்க்குளத்துக்கு. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று அவ்வளவாகக் கை வைக்காது. சாணம் கரைத்தால் தண்ணீர் பச்சை பிடிக்கும், அந்த நுண்ணுயிரிகள் பாதித் தீவனம். மீதிக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும், இரண்டும் நம் அரிசி ஆலையிலும் செக்கிலும் கிடைப்பவை. கடலிலிருந்து ஒரு மத்தி கூடத் தேவையில்லை. முள் அதிகம், சில குளத்து மீனில் சேற்று வாடை வரும், வஞ்சிரம் வறுவலுக்குப் பழகிய நாக்கு முகம் சுளிக்கும், எல்லாம் உண்மைதான். நாகைக்குப் பக்கத்து அக்கரைப்பேட்டையின் கடல் மீனவருக்கு இது பிழைப்பும் ஆகாது, அவருக்குக் குளமும் இல்லை, குத்தகை ஏலத்தில் கேட்க இடமும் இல்லை.

ஆனால் குளத்தின் கணக்கு வேறொன்றோடு பொருந்துகிறது. வழக்கமாக மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். ஆற்றுத் தண்ணீர் வந்து குளம் நிறைந்ததும் குஞ்சு விட்டால், கோடையில் தண்ணீர் சுண்டும்போது மீன் கிலோவை நெருங்கியிருக்கும், ஊரே இறங்கிப் பிடிக்கும். அது படகுகள் கரையில் கிடக்கும் அதே சமயம். இந்த வருஷம் எங்கள் ஊர்க்குளத்தை மச்சான்தான் குத்தகை எடுத்திருக்கிறார்.