குழாய்த் தண்ணீரில் டிரைஹாலோமீத்தேன்: கூரியரில் வரும் லேப் பெட்டி தேறுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) ஃபில்டர் விற்க வருகிறவர்கள் தண்ணீரில் இரும்புக் கம்பிகளை விட்டுக் கரண்ட் பாய்ச்சுவார்கள். தண்ணீர் செம்மண் நிறமாகும். அது கம்பி கரைந்து வரும் துரு. நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் குளோரின் அளவு காட்டும் பட்டையும்கூட இந்த விஷயத்தில் உதவாது. ஆற்று நீரில் ஊறிய இலைதழைச் சாறோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் டிரைஹாலோமீத்தேனை மைக்ரோகிராம் கணக்கில் அளக்க லேப்தான் வழி.

தண்ணீர் பிடித்துத் திருப்பி அனுப்ப லேப் கூரியரில் தரும் பெட்டியில், மூடியின் உட்புறம் டெஃப்லான் வைத்த 40 மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளும் ஐஸ் பையும் இருக்கும். குப்பியின் அடியில் கிடக்கும் வெள்ளைத் தூளை அழுக்கென்று கழுவிவிடாதீர்கள். குளோரினை நிறுத்துவது அதுதான். அது இல்லாவிட்டால் லேப் போய்ச் சேர்வதற்குள் அளவு ஏறிவிடும்.

குழாய் முனைச் சல்லடையைக் கழற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, பென்சில் கனத்துக்குக் குறைத்து, குப்பியின் வாயில் நீர் மேடாக நிற்கும்வரை பிடியுங்கள். மூடிக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு குமிழிகூட எழக்கூடாது. எழுந்தால் டிரைஹாலோமீத்தேன்களில் ஒன்றான குளோரோஃபார்ம் அந்தக் காற்றுக்குள் ஏறி, முடிவு பொய்யாகக் குறையும். உடனே ஐஸில் வைத்து அன்றே அனுப்புங்கள். கூரைத் தொட்டியில் வெயிலில் கிடந்த தண்ணீரில் அளவு கூட வாய்ப்புண்டு. அதற்குத் தனிக் குப்பி வேண்டும்.

இந்தப் பெட்டிச் சோதனையின் குறை, லேப் தரும் அறிக்கையில்தான். கேட்காவிட்டால் மொத்த அளவை மட்டும் தருகிறார்கள். டிரைஹாலோமீத்தேன் என்பது நான்கு பொருள்களின் கூட்டுப் பெயர். நான்கையும் பிரித்துக் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்குக் குளோரோஃபார்ம் 300, புரோமோடைகுளோரோமீத்தேன் 60, மற்ற இரண்டும் தலா 100 மைக்ரோகிராம். ஒவ்வொன்றையும் அதனதன் அளவால் வகுத்துக் கூட்டினால் 1-ஐத் தாண்டக்கூடாது. அமெரிக்க வரம்பு மொத்தம் 80. அதுவும் ஆண்டுச் சராசரி. ஆகவே ஒரு நாள் குப்பியை வைத்துப் பதற வேண்டாம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு ஆய்வுகள் காட்டும் தொடர்பு பல ஆண்டுப் புழக்கத்துக்கானது. குளோரினே வேண்டாம் என்றால் டைபாய்டும் காலராவும் திரும்பும்.

குளோரினால் இதேபோல் உண்டாகும் இன்னொரு வகையான ஹாலோஅசிட்டிக் அமிலங்களுக்குத் தனிச் சோதனை. திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் டிரைஹாலோமீத்தேன் பெரும்பாலும் பறந்துவிடும், அமிலங்கள் தங்கிவிடும். கார்பன் ஃபில்டர் நல்ல பலன் தரும். ஆனால் கார்பன் நிறைந்து, பிடிக்கும் திறன் போன பிறகும் தண்ணீர் தெளிவாகத்தான் வரும். ஃபில்டர் உள்ள வீட்டுக்காரர்கள் அதற்கு முன் ஒரு குப்பி, பின் ஒரு குப்பி என்று சேர்த்தே அனுப்புங்கள்.