டாஹோவா, சபர்பனா: பயண டிரெய்லரை இழுக்க எது ஏற்றது?

டாஹோ, சபர்பன் இரண்டும் ஷெவர்லே நிறுவனத்தின் பெரிய எஸ்யூவி வண்டிகள். 2021 மாடலாக வெளிவந்த தலைமுறையில் டாஹோவின் அதிகபட்ச இழுவைத் திறன் 8,400 பவுண்டு, சபர்பனுக்கு 8,300. தாளில் டாஹோ முந்தினாலும், அந்த 100 பவுண்டை ஒரு பொருட்டாகக் கருத வேண்டியதில்லை. முன், பின் அச்சுகளுக்கிடையே டாஹோவில் 120.9 அங்குலமும் சபர்பனில் 134.1 அங்குலமும் இருப்பதால், பெரிய லாரி கடந்து செல்லும்போது எழும் காற்றின் தள்ளலில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால், நீண்ட வண்டியே எளிதில் நிலைகுலையாமல் தாங்கும்.

இரண்டிலும் முதலில் எட்டப்படும் வரம்பு பெரும்பாலும் இழுவைத் திறன் அன்று, சுமைத் திறனே, அதாவது வண்டி தன் மேல் தாங்கக்கூடிய எடை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்குகிறது. 7,000 பவுண்டு டிரெய்லரின் கொக்கி எடையை 900 என்று கொள்வோம். ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் சுமைத் திறனை 1,600 பவுண்டு என்று காட்டினால், ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் எஞ்சுவது 700 மட்டுமே. (கொக்கிச் சாதனத்தின் எடையும் இதில்தான் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) சபர்பனின் பின்புற இடம் தாராளமானது, அதை நிரப்பும் ஆசைதான் அதன் ஆபத்து. நீளமான டிரெய்லருக்கு நான் சபர்பனையே தேர்ந்தெடுப்பேன். குறுகிய இடத்தில் அடிக்கடி திருப்பி நிறுத்த வேண்டியவர்களுக்கு டாஹோ வசதியானது.