8 வருசம், 1,12,000 கிலோமீட்டர், ஒரு பிடி புளிய இலை

நேத்து மாப்ள ஒருத்தன் போன் பண்ணி, "நீ வச்சிருக்கியே அதே மாடல் காரு, செகண்ட் ஹேண்ட்ல நல்ல ரேட்டுக்கு வருது, எடுக்கலாமா?"ன்னு கேட்டான். வண்டி எலக்ட்ரீஷியன் கடைல இருந்து வந்து நாலு நாள்தான் ஆச்சு, அஞ்சு நிமிசத்துல சொல்லி முடிக்கிற கதையும் இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

2017 டீசல். காரிமங்கலத்துல இருந்து காவேரிப்பட்டணம் வழியா கிருஷ்ணகிரி, தினமும் போய்ட்டு வர்றது. மைலேஜ், பிக்கப் எல்லாம் உனக்கே தெரியும், தொப்பூர் கணவாய்ல அஞ்சு பேரும் லக்கேஜும் ஏசியுமா ஏறும்போது கூட இஞ்சின் திணறி நான் பாத்ததில்ல. 8 வருசத்துல கிளட்ச் ஒரு தடவ, மத்தபடி ஆயிலு, ஃபில்டரு, டயரு அவ்ளோதான்.

எனக்கு இந்த வண்டி மேல இருக்கிற கோவம் தண்ணிதான்.

போன மழை சீசன்ல ஆரம்பிச்சுது. ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல நிக்கிற வண்டி தானா டக்கு டக்குன்னு லாக் ஆகுது, திறக்குது. உள்ள லைட்டு எரியுது, அணையுது. எங்கம்மா யாரோ திருட வந்துட்டாங்கன்னு எழுப்பி விட்டாங்க. அப்புறம் மூணு நாள் சேந்தாப்ல நிறுத்துனா செல்ஃப் எடுக்கல. பேட்டரி பழசுன்னு சொன்னாங்க, 6,400 குடுத்து மாத்துனேன். அடுத்த வாரமே புது பேட்டரியும் படுத்துருச்சு. அப்புறம் ரிமோட் செல்லு, அதுக்கப்புறம் டிரைவர் டோர் லாக் மோட்டார் 2,100. கடைசியா சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டுட்டு, பிசிஎம் போயிருச்சு, 21,000 ஆகும்னாங்க. வண்டியோட லைட்டு, லாக்கு, ஹாரன், வைப்பர் எல்லாத்தையும் பாத்துக்கற பெட்டி அது. இத்தன பேரு பாத்தாங்களே, ஒருத்தராவது கால் வைக்கிற எடத்துல மேட்டைத் தூக்கிப் பாத்தாங்களா? இல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

கிருஷ்ணகிரில ஒரு சின்ன கடை, வயசான எலக்ட்ரீஷியன். கரண்ட் அளக்கிற மீட்டரை கையில எடுக்கவே இல்ல. இடது பக்கம் முன் சீட்டுக்கு கீழ மேட்டைத் தூக்கிட்டு கார்ப்பெட்டை உள்ளங்கையால அமுக்குனாரு, விரல் சந்துல தண்ணி ஊறி வருது. மேல தொட்டா காஞ்சுதான் இருந்துச்சு, அடியில இருக்கிற ஸ்பாஞ்சுதான் அத்தனையும் குடிச்சு வச்சிருக்கு. "சார், கரண்ட் எங்க போகுதுன்னு அப்புறம் பாப்போம், தண்ணி எங்கருந்து வருதுன்னு மொதல்ல பாப்போம்"னாரு. மழை பேஞ்சா மட்டும் ஈரமா, இல்ல ஏசி ஓடுனாலும் ஈரமான்னு கேட்டாரு. ஏசி ஓடும்போது மட்டும் சொட்டுனா ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைப்பு, கலரா பிசுபிசுன்னு இனிப்பு வாடையோட இருந்தா ஹீட்டர்ல இருந்து கூலன்ட் ஒழுகுது, மழைக்கு மட்டும்னா மேல எங்கயோ வழி இருக்கு. நம்மது மழைக்கு மட்டும்.

வைப்பர் ரெண்டையும் கழட்டி, கண்ணாடிக்கு கீழ இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தட்டைத் தூக்குனாரு. இடது மூலைல தண்ணி இறங்குற ஓட்டை இருக்கணும், ஓட்டையே தெரியல, ஊறவச்ச புளி மாதிரி கறுப்பா கெட்டியா என்னமோ அமுங்கிக் கிடக்கு. கிள்ளி எடுத்து விரல்ல தேச்சுப் பாத்தா எல்லாம் புளிய இலை. வீட்டு முன்னாடி ரோட்டோரம் பெரிய புளியமரம், நெழலுக்குன்னு 8 வருசமா அது அடியிலதான் நிறுத்துறேன். மா இலைன்னா மேலயே நின்னுரும், புளிய இலை பொடி இலை, கிரில்லு சந்துல நேரா உள்ள எறங்கிரும். ஓட்டை வாய் சுண்டு விரல் நுழையுற அளவுதான் இருக்கு. அது அடைச்சா தட்டு ரொம்பி, பக்கத்துல இருக்கிற ஏசி புளோயர் காத்து இழுக்கிற வாய் வழியா தண்ணி உள்ள விழுது. நம்ம வண்டில கிளவ் பாக்ஸ் பின்னாடி, நேரா அதுக்குக் கீழதான் அந்த பிசிஎம்ல ஒயர் எல்லாம் சொருகுற கப்ளர் இருக்கு. யாரு இந்த எடத்துல வைக்கச் சொன்னாங்கன்னு தெரியல, வச்சவங்க ஒரு மழைல கூட இந்த வண்டிய நிறுத்திப் பாத்திருக்க மாட்டாங்க.

அப்புறம்தான் மீட்டர். பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழட்டி நடுவுல 10 ஆம்பியர் சாக்கெட்ல மீட்டரைக் கோத்தாரு, கதவு லாக்கை ஸ்குரூ டிரைவரால அமுக்கி கதவு சாத்துன மாதிரி ஆக்கிட்டு அரை மணி நேரம் தொடாம விட்டாரு, உள்ள இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அடங்கி வண்டி தூங்கணுமாம். தூங்குன வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள்ள இழுக்கணும், நம்மது 480 நிக்குது. கணக்குப் போட்டுப் பாரு, ஒரு நாளைக்கு பதினொன்றரை ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்ளோ தாங்கும்னு சொல்ற அளவு), 60 ஏஹெச் பேட்டரி மூணு நாள்ல பாதிக்கு மேல காலி. ஒவ்வொரு பியூஸா புடுங்குனதுல லாக், உள் லைட் பியூஸை எடுத்ததும் 20க்கு எறங்குச்சு. இந்த மாதிரி மீட்டர் கோத்திருக்கும்போது நீயா செய்றேன்னு சாவியப் போட்டு செல்ஃப் அடிச்சிராத, மீட்டர் உள்ள இருக்கிற பியூஸ் போயிரும்.

கப்ளரைப் பிரிச்சு டார்ச் அடிச்சுக் காட்டுனாரு. இருபது பின்னுக்கு மேல இருக்கும், முக்காவாசி பளபளன்னு இருக்கு, ஓரத்துல ரெண்டு பின்னுல மட்டும் மயில் துத்தம் கலர்ல களிம்பு ஏறி, ஒண்ணு ஊசி மாதிரி மெலிஞ்சு போயிருக்கு. அது ரெண்டும்தான் எப்பவும் பேட்டரி பாசிட்டிவ் வந்துட்டே இருக்கிற பின்னு. தண்ணியும் கரண்டும் சேந்தா பாசிட்டிவ் பக்கம்தான் மொதல்ல அரிக்கும்னு சொன்னாரு. லாக் சுவிட்ச் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல ஈரம் வழியா துளி கரண்ட் ஓடுனா போதும், யாரோ சுவிட்சை அமுக்குறாங்கன்னு பெட்டி நெனச்சுக்குது, முழிச்சுக்குது, லாக் போடுது. பெட்டி போகல மாப்ள. அது பாட்டுக்கு ஒழுங்காத்தான் இருந்திருக்கு, அதுக்கு பொய் சேதி போயிட்டு இருந்திருக்கு. 21,000 குடுத்து புதுசு போட்டிருந்தா அடுத்த மழைக்கு அதுவும் இதே கதிதான்.

அரிச்ச ரெண்டு பின்னையும் வெட்டிட்டு புதுசு போட்டாரு, ஒயரையும் நாலு விரக்கட பின்னாடி தள்ளி வெட்டுனாரு, ஏன்னா தோலுக்கு உள்ள செம்புக் கம்பி வழியா ஈரம் ஏறி கறுத்துப் போயிருந்துச்சு, கறுத்த கம்பில சால்டர் புடிக்காது. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய வச்சு, கிரீஸ் தடவி மூடுனாரு. சீட்டைக் கழட்டி கார்ப்பெட்டை ரெண்டு நாள் மொட்டை மாடில வெயில்ல போட்டது நானு. சீட்டுக்கு அடியில மஞ்ச கலர் கப்ளர் இருந்தா அது ஏர்பேக் லைனு, பேட்டரிய கழட்டி கொஞ்ச நேரம் விடாம அதுல கை வைக்காத. மொத்தம் 1,900 வாங்குனாரு. அதுக்கு முன்னாடி நான் விட்டது எட்டாயிரத்து ஐநூறுக்கு மேல.

இப்ப நீ கேட்டதுக்கு வரேன். அந்த வண்டி எந்த ஊர்ல ஓடுச்சுன்னு மொதல்ல விசாரி. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வேன், கார் எல்லாம் அடிச்சிட்டுப் போனதைப் பாத்தோமே, தண்ணில மூழ்குன வண்டியெல்லாம் கழுவித் தொடைச்சா பளிச்சுன்னுதான் இருக்கும். சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு, மடிப்புல சேத்துக் கறை இருக்கும். சீட் ரெயில் போல்ட்டு துருவைப் பாரு. ஸ்டெப்னி எடுத்துட்டு அந்தக் குழில கைய விட்டுப் பாரு. கண்ணாடிக்குக் கீழ ஒரு மக் தண்ணி ஊத்தி, சக்கரத்துக்குப் பின்னாடி சர்ருன்னு எறங்குதான்னு பாரு.

எல்லாம் சரியா இருந்தாக் கூட, என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். இஞ்சினுக்கு நான் கேரண்டி, ஆனா ஒரு ஓட்டையை ரெண்டு விரல் அகலமா வைக்காத வண்டிக்கு உன் காசை நான் எடுத்துக் குடுக்கச் சொல்ல மாட்டேன். நான் என் வண்டிய விக்கல, அது வேற விசயம், மரத்தடில இருந்து மாத்தி நிறுத்தியாச்சு, இனிமே மாசம் ஒரு தடவ தட்டைக் கழட்டி கழுவப் போறேன். நீ எடுத்தே தீருவேன்னா ஞாயித்துக்கிழம காலைல வரேன், அட்வான்ஸ் மட்டும் குடுத்துராத, மீட்டர் நான் எடுத்துட்டு வரேன்.